காபி இயந்திரத்தில் காலி இடம்

காபி இயந்திரம் ஏழு பேருடைய அட்டையை யாரென்றே தெரியாததுபோல் வெளியே துப்பியது. அதைச் செய்து விற்கும் அலுவலகத்திலேயே இந்தக் கூத்து. எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடும் பொறியாளருக்கு வியர்த்தது. அவள் வேலை நிரந்தரமா என்பதை மேனேஜர் அன்று சாயங்காலம்தான் சொல்லப்போகிறார்.

"ஏம்மா, போன வாரம் சேர்ந்தவங்க மட்டும் காபி குடிக்கக் கூடாதா?" என்றார் மேனேஜர்.

"மெமரில இடம் இல்ல சார். ஒரு ஆளுக்குக் கப் அளவு ஒரு பைட், அட்டை எண் நாலு, சர்க்கரை ஒண்ணு. ஆறு போதும். பன்னண்டு எடுக்குது."

"மீதி?"

"காலி சார். அட்டை எண் நாலால வகுபடுற இடத்துலதான் உட்காரும். அதுக்காக முன்னால மூணு, அடுத்த ஆளோட எண்ணுக்காகக் கடைசில மூணு."

"துண்டு போட்டு இடம் பிடிக்குற கதையால்ல இருக்கு. கிளப்பி விடு."

கிளப்பினாள். எல்லாவற்றையும் இடைவெளியின்றி நெருக்கினாள். நாலால் வகுபடாத இடத்தில் எண்ணைக் கண்ட சிப், பாதிக் கோப்பையில் மூச்சை நிறுத்தியது.

"எனக்கு அரை காபிதான் வந்துச்சு," என்றார் கணக்காளர்.

அட்டை எண்ணை முதலில் வைத்து, சின்னது இரண்டையும் அதன் பின்னால் உட்கார்த்தினாள். கடைசியில் காலி இரண்டு மட்டும்; மொத்தம் எட்டு பைட். நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பக் கூட்டினாள். கணக்கு சரி. ஆனால் பம்பை ஓட்டும் நிரலுக்குப் பழைய வரிசைதான் தெரியும். அது கணக்காளரின் அட்டை எண்ணைக் கப் அளவு என்று நம்பி ஊற்றியது, ஊற்றியது, ஊற்றிக்கொண்டே இருந்தது.

"அரைன்னு சொன்னது தப்புதாம்மா," என்றார் அவர், நாற்காலி மேல் ஏறி நின்று. "போதும்னு சொல்லு அதுகிட்ட."

பரிசோதனைப் பிரிவு அக்கா தரையைத் துடைக்க, புதுசு பம்பு நிரலுக்கும் புது வரிசையைச் சொல்லிக்கொடுத்தாள். ஏழு பேருக்கும் காபி வந்தது. மேனேஜரும் ஒரு கோப்பை பிடித்தார். ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடினார். உடனே இன்னொரு கோப்பை. அப்புறம் இன்னொன்று.

"இந்த மெஷின் வந்ததுலேர்ந்து இப்படி ஒரு காபி குடிச்சதில்லம்மா. உன் வேலை நிரந்தரம். முதலாளியம்மா கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவர் நாலாவது கோப்பையோடு விசிலடித்துக்கொண்டே போனார். புதுசு அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்கா பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள்.

"நீ தூக்கின காலி பைட் ஒண்ணுல, சார் எத்தனை தடவை அமுக்கினாலும் சர்க்கரை விழக்கூடாதுன்னு நான்தான் ஒரு குறி ஒளிச்சு வெச்சிருந்தேன், புதுசு, வைக்கச் சொன்னது அவர் பொண்டாட்டி, நம்ம முதலாளியம்மா."