பேட்டரி தீர்ந்த தேதி

ஓர் அலுவலகம் நாற்காலி இல்லாமல் நடக்கும், மின்விசிறி இல்லாமல் நடக்கும், அதிகாரி இல்லாவிட்டால் அமோகமாகவே நடக்கும். தேதி இல்லாமல் மட்டும் நடக்கவே நடக்காது. ஆகவே, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் தேதி சொல்லும் பொறுப்பை மனிதர்கள் கையில் விடாமல், மூன்றாம் ஜன்னலிலிருந்த கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அந்த ஜன்னலில் ஒரு வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து நின்றார். ரிப்பேருக்கு இல்லை, மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க. பள்ளிக்கூடத்தில் சேர்க்கை அன்று மாலை நாலு மணியோடு முடிகிறது. "சான்றிதழ் இல்லாம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று மனைவி அன்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

எழுத்தர் அம்மா விண்ணப்பத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பொண்ணு இன்னும் பொறக்கலையே சார்."

"அம்மா, அவளுக்கு அஞ்சு வயசு. காலையில கூட ஷூ போட மாட்டேன்னு ஒரே அடம்."

"அடம் பிடிக்கட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா கம்ப்யூட்டர்ல இன்னைக்குத் தேதி ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்து ஒம்பது. இனிமே பொறக்கப்போற குழந்தைக்கு இப்பவே சான்றிதழ் தர எங்களுக்கு அதிகாரம் இல்ல."

மெக்கானிக்குக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அணைத்து வைத்திருக்கும்போதும் தேதி மறந்துபோகாமல் இருக்க, கம்ப்யூட்டருக்குள் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால் பாவம், கம்ப்யூட்டர் தினமும் ஆதி நாளுக்கே திரும்பிப் போய், 'தேதி தெரியவில்லை, எஃப் ஒன் அழுத்தவும்' என்று புலம்பும்.

"காலையில எஃப் ஒன் அழுத்தச் சொல்லுதாம்மா?"

"சொல்லாம? அதுக்குன்னே தனியா ஆள் போட்டிருக்கோம்" என்று எழுத்தர் அம்மா ஒரு தடித்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். எஃப் ஒன் பதிவேடு. பதினெட்டு மாதமாக, ஒரு நாள் விடாமல், அழுத்தியவர் கையெழுத்து ஒன்று, அழுத்தியதைப் பார்த்தவர் கையெழுத்து ஒன்று.

"அப்ப பதினெட்டு மாசமா ஒரு குழந்தையும் பொறக்கலையா?"

"பொறக்கலை. யாரும் சாகவும் இல்ல."

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மேலிடத்துப் பாராட்டுக் கடிதம் தொங்கியது. 'தங்கள் எல்லைக்குள் இறப்பு விகிதத்தை முற்றிலும் ஒழித்தமைக்காக' என்று தொடங்கியது. அடேயப்பா! சாவையே ஒழித்த ஆபீஸில் நின்றுகொண்டு, ஒரு பிறப்பை நிரூபிக்க முடியாமல் திண்டாடினார் மெக்கானிக்.

"ஒரு பேட்டரி மாத்தினா சரியாயிடும்மா. ரெண்டு நிமிஷ வேலை."

உள்ளறையிலிருந்து கண்காணிப்பாளர் வந்தார்.

"பேட்டரி வாங்க மேலிட உத்தரவு வேணும். வர ஆறு மாசம் ஆகும்."

"நானே இனாமா தர்றேன் சார்."

"இனாமா? அதுக்குப் பேர் லஞ்சம் தெரியுமில்ல?"

மெக்கானிக் வெளியே வந்து தன் கடைக்கு ஓடினார். புதுப் பேட்டரி ஒன்றுகூட இல்லை. மூலையில் ரிப்பேருக்கு வந்த ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி கிடந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. தூசி தட்டினால் தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை. இருபத்து மூன்று நாளாக அவர் வருவதும், "நாளைக்கு வாங்க சார், பார்த்துடலாம்" என்று இவர் அனுப்புவதுமாக இருந்தது. யார், எந்த இடம் என்றுகூடக் கேட்டதில்லை. 'இன்னொரு நாள் தாங்காதா' என்று அதிலிருந்த பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து, ஜன்னல் வழியே அதை உள்ளே தரையில் உருட்டிவிட்டார். எழுத்தர் அம்மா குனிந்து எடுத்து, 'அலுவலக வளாகத்தில் கண்டெடுக்கப்பட்ட வட்ட வடிவப் பொருள், ஒன்று' என்று பதிவு செய்தார். இப்போது அது அரசுச் சொத்து. மாட்டலாம். விண்ணப்பதாரர் மட்டும் இயந்திரத்தைத் தொடக் கூடாது. சரி என்று மெக்கானிக் வெளியே நின்றபடி சொல்லிக்கொடுக்க, எழுத்தர் அம்மா பெட்டியைத் திறந்து மாட்டி முடித்தார்.

"இப்ப ஸ்விட்சைப் போட்டதும் டிலீட்டைத் தட்டிக்கிட்டே இருங்க."

"டிலீட்டா?" கண்காணிப்பாளர் அலறினார். "ஆபீஸையே அழிச்சுடச் சொல்றியா?"

"எதுவும் அழியாது சார். பயாஸுக்குள்ள போற வாசல் அது."

"யாரு அந்த பயாஸ்?"

"கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சதும் முதல்ல ஓடுறது சார். கீபோர்டு வந்தாச்சா, டிஸ்க் வந்தாச்சா, தேதி என்னன்னு பார்த்துட்டுத்தான் மத்ததையெல்லாம் வேலைக்கு விடும்."

"அப்ப, கண்காணிப்பாளர்னு சொல்லு."

'ஆனா அது தினமும் வேலைக்கு வருது சார்' என்று நாக்கு நுனி வரை வந்ததை மெக்கானிக் விழுங்கிக்கொண்டார்.

நீலத் திரை வந்தது. எழுத்தர் அம்மா மவுஸை உருட்டினார், அசையவில்லை. "இங்க மவுஸ் செல்லாதும்மா, அம்புக்குறிதான். தேதிக்குப் போங்க. மத்த எதையும் தொடாதீங்க."

எழுத்தர் அம்மா தேதியை மாற்றப் போகும்போது கண்காணிப்பாளர் அவர் கையைப் பிடித்தார். "நிறுத்துங்க! பதினெட்டு மாசத்துச் சாவும் இன்னைக்கே வந்து விழுமே. என் கடிதம் என்னாகும்?"

"பொறப்பும் சேர்ந்து வரும் சார். கழிச்சுப் பார்த்தா உங்களுக்கு லாபம்."

கண்காணிப்பாளர் கண்ணை மூடி யோசித்துத் தலையாட்டினார். எஃப் பத்தை அழுத்திச் சேமித்ததும், மகள் ஒருவழியாகப் பிறந்தாள். சான்றிதழில் முத்திரை விழுந்தபோது மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. பிரசவ அறை வாசலில்கூட இவ்வளவு தவித்ததில்லை.

பள்ளிக்கூட அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி மூன்று இருபது. மேசையில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயர்கள் கிடந்தன.

"சேர்க்கை மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு சார். யாரோ ஒரு மெக்கானிக், இருபத்து மூணு நாளா…" என்றபடி நிமிர்ந்தவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

மெக்கானிக் அப்படியே திரும்பிக் கடைக்கு ஓடினார். ஒன்பதே நிமிஷத்தில் தூசி தட்டி, பெட்டியைத் தோளில் தூக்கிவந்து, மூன்று ஐம்பதுக்கு ஒயரைச் செருகிவிட்டார். எஃப் ஒன் கேட்டது. கண்ணாடிக்காரர் நிதானமாக அழுத்தினார். சான்றிதழைப் பார்த்துப் பிறந்த தேதியைத் தட்டினார். திரையில் வந்த வயதை வாய்விட்டுப் படித்தார்: "மைனஸ் பதினொண்ணு."

"சார், ஒரு நிமிஷம், டிலீட்…" என்று மெக்கானிக் கையை நீட்டினார்.

கண்ணாடிக்காரர் கீபோர்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு சார் இந்தப் பறப்பு? மெஷின் கணக்குப்படி உங்க பொண்ணு இன்னும் பொறக்கலை. கடைசித் தேதிக்கும் பதினாறு வருஷம் இருக்கு. நாளைக்கு வாங்க சார், பார்த்துடலாம்."