விலை ஏறாத கூடை

செழும்பாடி நாட்டில் விலைவாசியை அளக்க ஒரு மூங்கில் கூடை இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் தேவைப்படும் சாமான்களை அதில் அடுக்கி, ஒவ்வோர் அமாவாசையன்றும் விலைவாசி மந்திரி அதன் மொத்த விலையைச் சந்தைத் திடலில் அறிவிப்பார். தொடர்ந்து மூன்று முறை விலை ஏறினால் ராஜா முடி துறக்க வேண்டும் என்பது சட்டம். அதை எழுதிய பழைய ராஜா ரொம்ப நல்லவராகவோ ரொம்ப அப்பாவியாகவோ இருந்திருக்க வேண்டும்.

இப்போதைய ராஜா மாட்டுத் தீவனத்துக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் வரி போட்டார். பால் விலை எகிறியது. கூடை விலை இரண்டு முறை ஏறிவிட்டது. மூன்றாவது அமாவாசை நெருங்க நெருங்க, அரண்மனையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"விலை ஏறுகிற பொருளைக் கூடையிலிருந்து எடுத்துவிடலாம், பிரபு" என்றார் விலைவாசி மந்திரி சந்திரசூடர்.

பாலை எடுத்தார்கள். விலை ஏறவில்லை. ஊரெங்கும் தோரணம் கட்டினார்கள். மறுநாளே ஓர் ஆணை வந்தது: கூடையில் இல்லாதது அத்தியாவசியம் அல்ல, அத்தியாவசியம் அல்லாதது ஆடம்பரம், ஆடம்பரத்துக்கு இரட்டை வரி.

செங்கல் சூளையில் மண் மிதிக்கும் மயிலாத்தாளுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. அவளுக்குப் பால் வற்றிவிட்டதால் ஆடு வளர்க்கும் சன்னாசியிடம் பால் வாங்கித்தான் புகட்டி வந்தாள்.

"நான் என்ன தாயி பண்றது? வரி கட்டாம வித்தா ஆட்டையே ஓட்டிட்டுப் போயிருவாங்க" என்றார் சன்னாசி.

அரை தம்ளர் வாங்கி, தண்ணீர் விட்டு மூன்று வேளைக்கு வைத்துக்கொண்டாள். பிறகு கால் தம்ளர். பொழுது விடிவதே அவளுக்குப் பயமாக இருந்தது. இதற்குள் பருப்பு, எண்ணெய், அரிசி எல்லாம் கூடையை விட்டுப் போய் ஆடம்பரமாகியிருந்தன. உப்பும் துடைப்பமும் மிஞ்சின. விலைவாசி வரலாறு காணாத அளவுக்குக் குறைந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

மயிலாத்தாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மந்திரியிடம் ஓடினாள்.

"ஐயா, புள்ள இப்ப அழக்கூட மாட்டேங்குதுங்க. பாலைத் திரும்பக் கூடையில வெச்சிருங்கய்யா."

"வைக்கலாம் அம்மா. ஆனால் விலைவாசி ஏறிவிடுமே! ஏறினால் உன்னைப் போன்ற ஏழைகள்தானே பாதிக்கப்படுவார்கள்?" மந்திரியின் குரலில் உண்மையாகவே கருணை இருந்தது. அதைத்தான் கதை சொல்கிற என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த அமாவாசைக்கு ஒரு புதுமை செய்தார்கள். வீட்டுச் செலவை மிக அதிகமாகக் குறைத்த குடும்பத்துக்குச் 'சிக்கனத் திலகம்' பட்டம். மயிலாத்தாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். சூளையிலிருந்து அப்படியே அழைத்து வந்திருந்ததால் காலில் மண் காயவில்லை. மந்திரி பொன்னாடை போர்த்தினார்.

"எப்படிச் சாதித்தாய் அம்மா? எல்லோருக்கும் சொல்."

"பால் வாங்கறதில்லீங்க."

"அருமை! ஏன்?"

"குடிக்க ஆளில்லீங்க."

மந்திரி திடலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "கேட்டீர்களா? பாலுக்குத் தேவையே இல்லை என்று தாய்மார்களே சொல்கிறார்கள்!"

முன்வரிசை கை தட்டியது. பின்னால் நின்ற பெண்கள் இடுப்பிலிருந்த பிள்ளைகளை இறுக்கிக்கொண்டார்கள். அடுத்து யார் பெயரைக் கூப்பிடுவார்களோ என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.