ஹெப்சிபா மேடம் வகுப்பில் போட்டோ இல்லை

உயர்கல்வி தன் உச்சத்தைத் தொட்ட இடம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிறது. அது எங்கள் கல்லூரி. அங்கே ‘மாணவர் ஊக்க மேம்பாட்டுக் குழு’வின் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் பாக்கியம், எட்வின் என்ற எனக்கு வாய்த்தது.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பேராசிரியர்கள் அனைவரையும் பலூன் ஊத வைத்து, அதை உடைக்கச் சொன்னார். உடைந்தது பலூன் அல்ல, தயக்கம் என்று விளக்கினார். மறுநாளே முதல்வர் ஞானராஜ் ஆணையிட்டார்: ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ‘செயல்பாடு’, அதற்கு நான்கு போட்டோ, மாலைக்குள் பதிவேற்றம். அன்று முதல் வகுப்பின் பெரும்பகுதி போட்டோவுக்குப் போயிற்று. மிஞ்சிய நேரத்தில் பாடம் நடத்தவும் அனுமதி இருந்தது.

இந்தப் புரட்சிக்கு ஒரே இடையூறு, புள்ளியியல் நடத்திய ஹெப்சிபா மேடம். அவர் பதிவேற்றவே இல்லை. விசாரிக்க நேரில் போனேன்.

நான் உள்ளே நுழைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மேசை மேல் பேண்டேஜ் துணி விரிந்து கிடந்தது. பிள்ளைகள் லென்ஸ் வைத்து, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். தேவதானத்திலிருந்து வரும் ஜெயக்கொடி எழுந்து நின்று வாதாடிக்கொண்டிருந்தாள். அதே பேப்பரில் மூன்று தடவை தோற்றவள். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே அதிசயம் என்றிருந்தவள்.

“மேடம், நீங்க போட்ட சராசரி தப்பு. ஓரத்துல இழை நெருக்கமா இருக்கும். அங்க எண்ணுனா கூடத்தான் வரும். எங்கம்மா தறிக்குத்தான் போறாவ, எனக்குத் தெரியும்.”

“சரிதாம்மா, நான் யோசிக்கல. எங்கெங்க எண்ணணும்னு நீயே சொல்லு.”

அறுபது பேர் முன்னிலையில் ஒரு பேராசிரியர் தன் தவறை ஒப்புக்கொண்டார். குறித்துக்கொண்டேன்.

“மேடம், போட்டோ எங்க?”

“எடுக்க மறந்துட்டேன் சார்.”

“அப்ப வகுப்பு நடந்ததுக்கு என்ன ஆதாரம்?”

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அதைப் பதிவேற்ற முடியாதே.

குழு கூடியது. “பிள்ளைகளுக்கு அந்தம்மா வகுப்பு ரொம்பப் பிடிச்சிருக்காமே?” என்றார் முதல்வர்.

“பிடிக்கிறது வேற, ஊக்கம் வேற சார்” என்றேன். முதல்வர் அதை டைரியில் எழுதிக்கொண்டார்.

ஹெப்சிபா மேடம் நூலகத்தில் முத்திரை குத்தும் பணிக்கு ‘உயர்த்தப்பட்டார்’. போகும் முன், முதல்வர் அறையில் அவரோடு இருந்த என்னிடம் வந்தார். “பரீட்சை வரைக்குமாவது விடுங்க சார். ஜெயக்கொடிக்கு இப்பத்தான் பிடிபட்டிருக்கு. ரெண்டு பஸ் மாறி, எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கா.” நெஞ்சில் ஏதோ கனத்தது. கேண்டீன் வடை என்று முடிவு செய்தேன்.

அந்த வகுப்பை நானே ஏற்றேன். எண்பத்திரண்டு ஸ்லைடு, அறுபது பலூன், நான்கு போட்டோ. ஜெயக்கொடி கை தூக்கினாள்.

“சார், ஸ்டாண்டர்டு டீவியேஷன் எதுக்குக் கண்டுபிடிக்கோம்?”

“பத்து மார்க்குக்கு.”

உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும். கடமை தவறாத நான் போன் போட்டேன். பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம்.

“தளவாய்புரத்துல நைட்டி தைக்கப் போறேன் சார்.”

“ஏம்மா, பரீட்சை வருதே?”

“இங்கயும் அளவெடுக்கதுதான் சார் வேலை. ஆனா எதுக்குன்னு சொல்லுதாவ.” பிறகு அவளே கேட்டாள்: “ஹெப்சிபா மேடம் நல்லாயிருக்காவளா சார்?”

“நல்லாயிருக்காங்க” என்றேன். நூலகப் பக்கம் நான் போவதில்லை.

ஆண்டு இறுதியில் எனக்குச் ‘சிறந்த ஊக்குவிப்பாளர்’ விருது கிடைத்தது. அதே நாளில், ஜெயக்கொடியின் இடைநிற்றல் படிவத்தையும் நிரப்பவேண்டி வந்தது. காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: வறுமை, திருமணம், உடல்நலக் குறைவு, ஊக்கமின்மை. நான்காவதில் டிக் அடித்தேன்.

கையெழுத்துப் போட எடுத்த முதல்வர் பேனாவை நிறுத்தினார். “ஊக்கமில்லையா? ரெண்டு பஸ் மாறி வந்த பிள்ளையாச்சேப்பா. வேற காரணம் இருக்கும்ல?”

“இருக்கு சார். அதுக்குக் கட்டம் இல்ல.”

“எவன்யா இந்தப் படிவத்தைத் தயாரிச்சது?”

“நான்தான் சார்.”