ஓட்டைக்காரரும் எனக்க வலது செவியும்

குழித்துறை சப்பாத்துப் பாலத்துக்கு மேல ரெண்டு நாளு ஆத்துவெள்ளம் போச்சுல்லா, அந்த மழை விட்டு மூணாம் நாளு நடந்த காரியம் இது. அந்த வெள்ளத்துல எனக்க மச்சினனுக்க ஆடு ஒண்ணு போச்சு, அது வேற கதை. நான் சொல்ல வந்தது ஓட்டைக்காரரப் பத்தி. இந்தப் பூமியில பாட்டு கேக்கத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான். மத்தவன் எல்லாம் சும்மா ரெண்டு செவிய வச்சிட்டு நடக்குகான்.

பேரு ஒண்ணு உண்டு, அது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். கல்ஃபுல ஏசி மெக்கானிக்கா இருந்தவரு. அங்க முதலாளி சந்தோசத்துல குடுத்த ஹெட்போன், ரெண்டு பக்கமும் செரட்டை கமத்துன மாதிரி இருக்கும். அதக் குத்த போனுல வட்ட ஓட்டை வேணும். புதுப் போனுல அது கெடையாதுல்லா? களியக்காவிளையில ஒரு கடை விடாம ஏறி, "ஓட்டை உண்டா?"ன்னு கேட்டுக் கேட்டே அந்தப் பேரு விழுந்துட்டு.

அவருக்க போனு பழசு. கண்ணாடி சிலந்தி வலை மாதிரி கீறியிருக்கும், முதுகுல ரப்பர் பேண்டு. மருமகன் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தான். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எனக்க சாயாக்கடையில ஈ விழாம கிளாஸுக்கு மேல அத மூடி வச்சாரு.

"ஓய், அதுலயும் பாட்டு கேக்கும்லா?"ன்னேன்.

"அதுல வாறது நசுக்கின பாட்டு வே. பப்படத்த மடக்கிப் பையில போட்டா பப்படமா? எனக்கது நசுக்காதது."

கேக்கணும்னா லேசுல தரமாட்டாரு. தேங்காயெண்ண பட்டா செவிப்பஞ்சு கெட்டுப் போவும்னு பையில சோப்பு வச்சிருப்பாரு. ஒரு நாளு சபைப் போதகரு ஆசையா கேட்டாரு. அவருக்க செவிப்பக்கம் மோந்து பாத்துட்டு, "பாஸ்டரே, கழுவிட்டு வாரும்"னுட்டாரு. அந்த மனுசனும் எனக்க பைப்புல தலையக் குனிஞ்சு கழுவிட்டு வந்து கேட்டாரு. கேட்டுட்டு இருக்கும்போ திடீர்னு திரும்பிப் பாக்குகாரு.

"ஆரோ நாற்காலிய நகத்துகாங்க."

"அது பாட்டுக்குள்ள உள்ளது பாஸ்டரே! வாசிக்கவன் நாற்காலிய இழுக்கான்!" ஓட்டைக்காரருக்கு பேரன் பிறந்த சந்தோசம்.

இனி எனக்க கதை. அப்போ எனக்கு மறதி வந்துட்டுன்னு ஊரே சொல்லிச்சு. பெஞ்சுல இருந்து பள்ளிக்கூடத்து சாரு, "சீனி வேண்டாம்"னா நான் மூணு கரண்டி போட்டுக் குடுப்பேன். அவருக்குச் சுகரு, கடைக்கு வாறதையே நிப்பாட்டிட்டாரு. கடுப்பமா சாயா கேட்டவனுக்கு வெறும் பாலு. மவன், "அப்பா, போதும், ஒண்ணாம் தேதி கடைய மூடிருவோம். மொபைல்கடைக்காரன் எடத்தக் கேட்டுருக்கான்"னு சாவியையும் வாங்கி வச்சிட்டான். நானும் மண்டைக்குள்ள கேடுதான்னு பயந்து, ஆருட்டயும் சொல்லாம இருந்தேன்.

அந்த மூணாம் நாளு ஓட்டைக்காரரு சோப்ப எனக்க கையில தந்தாரு. கழுவிட்டு மாட்டினேன்.

"நாற்காலி எந்தப் பக்கம்?"

"இடது."

"வயலினு?"

"இடது."

"மிருதங்கம்?"

"எல்லாவனும் இடதுலதான் இருக்கான்."

"வே, அது என்ன, கல்யாணப் பந்தியா?" ஹெட்போன மாத்தி மாட்டி விட்டாரு. அப்பவும் எல்லாம் இடதுதான். அடுப்புல நிக்க எனக்கு பெஞ்சு எந்தப் பக்கம்னு பாத்தாரு. வலது.

"உமக்கு மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வலது செவி அடைச்சிருக்கு. ஏறும் வண்டியில!"

குழித்துறை டாக்டரு செவிக்குள்ள இருந்து எடுத்தது என்னன்னு நெனைக்கீங்க? கோழித்தூவல்! செவி குடைய நான் விட்ட எறகுல பாதி உள்ள கிடந்துருக்கு. "இன்னும் கொஞ்ச நாளு விட்டா முட்டையும் இட்டிருக்கும்"னாரு ஓட்டைக்காரரு.

மவன் கடைச்சாவிய எனக்க கையில திருப்பித் தந்தான். சாரும் பெஞ்சுக்குத் திரும்பி வந்துட்டாரு.

ஓட்டைக்காரரு இப்போ அஞ்சுகிராமத்துல மகளுக்க வீட்டுல இருக்காரு. அந்தப் பக்கம் போறவங்க கண்டா ஒண்ணு சொல்லணும். எனக்க வீட்டுக்காரி கிளாஸு கழுவும்போ வாய்க்குள்ள பாடுகா. எத்தன வருசமா பாடுகாளோ, எனக்கு இப்பதான் கேக்கு. நான் கேக்குகேன்னு அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சா நிப்பாட்டிருவா. அவருட்ட மட்டும் சொல்லுங்க மக்கா.