யாருக்கும் தெரியாமல் கவனிக்கவும்

காவலர் அறை, மெயின் கேட்,
பாளையங்கோட்டை.

மரியாதைக்குரிய மச்சான் பெருமாள்ராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை மாப்பிள்ளை வன்னியராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் மாரித்தாயும் பிள்ளையும் இங்கே சுகம். கல்லிடைக்குறிச்சியில் நீங்களும் அக்காவும் சுகமென்று உங்கள் அப்பளக் கம்பெனி டிரைவர் சொன்னார். டிரைவர் சொல்வதை அப்படியே நம்புகிற ஆள் நானில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே உண்மையிலேயே சுகம்தானா என்று உங்கள் கைப்பட எழுதவும்.

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் முன் உறை ஒட்டிய இடத்தில் குறுக்கே என் கையெழுத்து கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும். பிரித்த பிறகுதான் இந்த வரியைப் படிப்பீர்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது. பரவாயில்லை, உறையைக் குப்பையிலிருந்து எடுத்துப் பாருங்கள். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போன தீபாவளிக்கு உங்கள் காதுக்கு மட்டும் என்று நான் பேசி அனுப்பியதை நீங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டீர்கள். இன்றுவரை சீவலப்பேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் என்னை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மச்சான், இந்தப் பல்கலைக்கழகத்தில் இரவுக் காவல் வேலையை நீங்கள்தான் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. முன்பு இருந்த ஜவுளிக்கடையில் முதலாளியின் மாமியாரைப் புடவைத் திருடி என்று நான் பின்தொடர்ந்ததும், அதற்கு முன்பு ரைஸ் மில்லில் நடந்ததும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. இங்கே வேலையில் சேர்ந்த அன்றே உங்கள் தங்கை தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இந்த வேலையும் போச்சுன்னா நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருதேன். நீங்க இங்கன ஒத்தையில கெடந்து செவுத்தைச் சந்தேகப்படுங்க." சொன்னால் செய்கிறவள். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இன்று மாலை கிறிஸ்மஸ் விழா மேடையில் நான் ஒரு உண்மையை உடைக்கப் போகிறேன். அதன்பின் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கலாம், அல்லது உங்கள் தங்கை அடுத்த பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வரலாம். எதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும் என்றுதான் டூட்டிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மாதப் பிறப்பில் ஒருநாள் காலையில் எல்லா ஊழியர்களையும் வளாகத்துக்குள் இருக்கிற சிற்றாலயத்துக்கு, அதாவது சின்ன சர்ச்சுக்கு, வரச் சொன்னார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு நான் போவதற்குள் பாதி முடிந்துவிட்டது. இங்கே ஐயர் என்றால் உங்கள் ஊர் அக்கிரகாரத்து ஐயர் இல்லை, வெள்ளை அங்கி போட்ட பாதிரியார். அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் எடுத்தேன். அப்போது மைக்கில் அவர் சொன்னது என் காதில் இன்னும் நிற்கிறது. "உங்களுக்கு வந்த பேரை வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லக் கூடாது. அவங்களை ஒருத்தருக்கும் தெரியாம நல்லாக் கவனிச்சுக்கிடணும். விழா அன்னைக்கு நானே மேடைக்குக் கூப்பிடுவேன், அப்ப வெளிய சொன்னாப் போதும்." சீட்டைப் பிரித்தேன். சுகிர்தா, நூலகம் என்று இருந்தது.

எனக்குப் புல்லரித்துப் போயிற்று மச்சான். எல்லார் கையிலும் ஒரு சீட்டு, அதாவது இந்த வளாகத்தில் எல்லாரும் எல்லாரையும் ரகசியமாகக் கவனிக்கிறார்கள்! இப்படி ஒரு நிர்வாகத்தை நான் எந்த மில்லிலும் பார்த்ததில்லை. கடைசியில் நமக்கேற்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று கண்கூடக் கலங்கியது. பிறகுதான் உறைத்தது, அப்படியானால் என்னைக் கவனிப்பது யார்?

முதலில் சுகிர்தா மேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்த்தால் பாவம் போல இருப்பார். நூலகத்தைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வெளியே வருவது அவர்தான். அங்கிருந்து பெண் ஊழியர் குடியிருப்புக்கு உடைமரங்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை, விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு எரியாது. தினமும் நான் பைய அவருக்குப் பின்னால் போனேன். ரகசிய வேலைக்கு டார்ச் கூடாதுதான், ஆனால் அந்தப் பாதையில் டார்ச் இல்லாமல் கால் வைக்க எனக்குப் பாம்பு பயம். காவல்காரன் கையில் டார்ச் இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள் என்று அடித்துக்கொண்டே போனேன். அவர் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? முதல் நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார், பழக்கப்பட்ட திருடர்கள் அப்படித்தான். வீட்டு வாசலில் ஏறியதும் இருட்டைப் பார்த்து சத்தமாக "தேங்க்ஸ்!" என்பார். அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. கூட்டாளிக்குக் கொடுக்கிற சமிக்ஞை என்று புரிந்துகொண்டேன். ஒருநாள் டார்ச்சில் செல் தீர்ந்துவிட்டது. நான் பாதாம் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவர் நூலகப் படியிலேயே நிற்கிறார், இறங்கவே இல்லை. எதற்கோ காத்திருக்கிறார்! நானும் நின்றேன், அவரும் நின்றார், கொசு என்னைத் தின்று தீர்த்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் செல்லைக் கழற்றி உள்ளங்கையில் தேய்த்துப் போட்டேன். வெளிச்சம் வந்ததுதான் தாமதம், விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். என் ரோந்து நேரத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கணித்து வைத்திருக்கிறார் பாருங்கள்.

இதற்கிடையே என்னை ஒருவன் விலைக்கு வாங்கப் பார்க்கிறான். டூட்டிக்கு வந்தால் என் நாற்காலியில் ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும். ஒருநாள் குரங்குக் குல்லா, ஒருநாள் தைலம், ஒருநாள் அல்வா. திருநெல்வேலியில் பிறந்த எனக்கே அல்வா! ஒருநாள் முட்டையும் ரவையும் போட்டுச் சுட்ட ஒரு பலகாரம், பெயர் தெரியாது. நான் தொடவில்லை. சாட்சிக்காக ஒரு விள்ளல் மட்டும் எடுத்தேன், பிறகு இன்னொரு விள்ளல், அப்படியே சாட்சி முழுவதும் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுக் காகிதம், "நீ தூங்கினாலும் நான் உன்னைக் கவனித்துக்கொண்டே இருப்பேன். இப்படிக்கு, அம்மா." எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் அம்மா தவறிப் போனது ஊருக்கே தெரியும். அதோடு அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது, இதுவோ முத்து முத்தான கையெழுத்து. எனவே இது அம்மா இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். நான் எப்போதோ கண்ணயர்ந்ததை எவனோ பார்த்துவிட்டு மிரட்டுகிறான்.

இதை நான் மனம்விட்டுச் சொன்னது பகல் டூட்டி முஆத் பாயிடம் மட்டும்தான். காயல்பட்டினத்துக்காரர், துபாயில் கடையில் இருந்துவிட்டுத் திரும்பியவர், சூதுவாது தெரியாத மனிதர். இந்த வளாகத்திலேயே நான் சந்தேகப்படாத ஒரே ஆள். காலையில் மாற்றிவிட வரும்போதெல்லாம் அக்கறையாக விசாரிப்பார். "என்ன வே, இன்னைக்கு நாக்காலியில என்ன கெடந்துச்சு? குல்லா அளவாத்தான இருந்துச்சு? காதை மூடுதா?" என் காது குளிர்வதைப் பற்றி உங்கள் தங்கைகூட இத்தனை தடவை கேட்டதில்லை.

அடுத்து வந்த காகிதத்தில், "நாளைக் காலை கேட்டில் வருகிற எல்லாருக்கும் சிரித்த முகமாக வணக்கம் சொல்லவும், இது அம்மாவின் கட்டளை" என்று இருந்தது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் எதையோ வெளியே கடத்தப் போகிறார்கள்! எனவே அன்று ஒருவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. உள்ளே வந்த பதிவாளரையே நிறுத்தி, அவருடைய சாப்பாட்டுக் கேரியரை அடுக்கடுக்காகத் திறக்க வைத்தேன். இட்லியும் மிளகாய்ப்பொடியும்தான் இருந்தன. "டிசம்பர் முடியட்டும் வன்னியராஜ், உம்ம வேலையப் பத்திப் பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரல் சரியில்லை. அதிலிருந்து எனக்கு இரவில் மட்டுமல்ல, பகலிலும் தூக்கம் இல்லை. மாரித்தாயிடம் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம், ஜன்னலைச் சாத்திவிட்டுப் படியுங்கள். சிற்றாலய வாசலில் கிறிஸ்மஸ் குடில் கட்டியிருக்கிறார்கள். வைக்கோல் இருக்கிறது, மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, யோசேப்பு இருக்கிறார், மரியாள் கையைக் கூப்பிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். பார்க்கிற இடத்தில் குழந்தை இல்லை! தொட்டில் காலி! கூட்டுகிற தேன்மொழியைத் தனியாகக் கூப்பிட்டு, "குழந்தைய எங்க?" என்று கேட்டேன். கொஞ்சமும் பதறாமல், "அது இருவத்தி நாலாந்தேதி ராத்திரிதான வரும்" என்கிறாள். தோட்டக்காரரைக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். தேதி, நேரம் முதற்கொண்டு பேசி வைத்திருக்கிறார்கள் மச்சான், இது ஒரு ஆள் செய்த வேலை இல்லை. அன்று மாலை வழக்கம்போல சுகிர்தா மேடத்துக்குப் பின்னால் போனேன். தோளில் தொங்கிய துணிப்பையின் வாய் விலகியிருந்தது. டார்ச்சை அடித்தேன். உள்ளேயிருந்து ஒரு சின்னஞ்சிறு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது!

இன்று காலை ஐயரைப் பார்த்து, "ஐயா, நீங்க குடுத்த வேலைய முடிச்சிட்டேன். ஆளு யாரு, என்ன செய்யுதாங்கன்னு அத்தனையும் மேடையில சொல்லுதேன்" என்றேன். அவர் சந்தோஷப்பட்டு, "இப்பவே சொல்லிராதேயும் வே, சாயங்காலம் சொன்னாத்தான் அழகு" என்றார். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள், மொத்தக் கூட்டத்தையும் கூண்டோடு பிடிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்.

மணி அடிக்கிறார்கள், விழாவுக்குப் போக வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் போனில் யாருடன் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளவும். உங்கள் குலதெய்வம் என்னை நல்லபடியாக மேடையிலிருந்து இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மாப்பிள்ளை,
வன்னியராஜ்

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதில் என் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். விழா முடிந்து வந்து எழுதுகிறேன். பேசுவதை மனப்பாடம் செய்துகொண்டு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் சுகிர்தா மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னது இது. "எனக்கு வந்த கிறிஸ்மஸ் அம்மா பரிசு ஒண்ணும் தரலை. போன மழைக்கு அந்தப் பாதையில ஒரு கட்டுவிரியனை மிதிக்கப் பார்த்தேன். அதிலேருந்து பயம். வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிரலாம்னு நினைச்சிருந்தேன். இந்த மாசம் பூரா என் பின்னால ஒரு டார்ச் லைட்டு வந்துச்சு. ஒருநாள்கூடத் தவறலை. யாருன்னு எனக்குத் தெரியும், வெளிய சொல்லக் கூடாதேன்னு இருட்டைப் பார்த்துத் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போவேன். வன்னியராஜ் அண்ணே, இதைவிடப் பெரிய பரிசு எனக்கு யாரும் தந்ததில்லை."

எல்லாரும் எழுந்து கைதட்டுகிறார்கள். அது ஒரு விளையாட்டாம் மச்சான்! இங்கே வருஷா வருஷம் உண்டாம். யார் பெயர் வந்ததோ அவருக்குத் தாயாக இருந்து, யாரென்று காட்டிக்கொள்ளாமல் பரிசு கொடுத்துக் கவனித்துக்கொள்ள வேண்டுமாம். ஐயர் சொன்ன கவனிப்பு ஒன்று, நான் கவனித்த கவனிப்பு வேறு. அடுத்து என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டு மறுபடி கைதட்டினார்கள். அந்தப் பெண்ணின் மேல் திருட்டுப் பழி போட இருந்த வாய் மச்சான் இது, நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அப்போது முஆத் பாய் தாடியைத் தடவிக்கொண்டு மேடையேறி, "வே, நாந்தான் உம்ம அம்மா" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த ரவைப் பலகாரம் அவர் வீட்டில் சுட்டதாம்.

குழந்தை சொரூபத்தின் கால்விரல் உடைந்திருந்ததால் மேடம்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டி வர்ணம் அடித்திருக்கிறார். இருபத்தி நாலாம் தேதி இரவுதான் அதைத் தொட்டிலில் வைப்பார்களாம், ஏனென்றால் அன்றைக்குத்தான் பிறக்கிறதாம். தேன்மொழியிடம் நான் கேட்ட கேள்வி இப்போது கேண்டீன் வரைக்கும் போய்விட்டது. பதிவாளர் என் முதுகில் தட்டி, "ஜனவரியிலேருந்து நீரு நிரந்தரம் வே. என் கேரியரை மட்டும் விட்டுரும்" என்றார். இதை மட்டும் மாரித்தாயிடம் நான் சொல்வதற்கு முன் சொல்லிவிடாதீர்கள்.

விழா முடிந்ததும் மேடம் நூலகப் படியில் நின்றுகொண்டிருந்தார். இன்று நான் அவருக்குப் பின்னால் போகவில்லை, முன்னால் நடந்தேன், பாம்பு முதலில் என்னைத்தானே பிடுங்கும் என்று நடுங்கிக்கொண்டே. அவருக்கு நான் இதுவரை ஒரு பரிசும் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் கம்பெனி அப்பளத்தில் நல்ல கட்டாக ஒன்று டிரைவரிடம் கொடுத்தனுப்பவும். அந்த டிரைவரை நம்பலாம்.

குழந்தையைப் பண்டிகை வரைக்கும் பத்திரமாக வைக்கச் சொல்லி ஐயர் என்னிடமே கொடுத்து, "நல்லாக் கவனிச்சுக்கிடும்" என்றார். "எந்தக் கவனிப்பு ஐயா?" என்று இந்தத் தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன். இப்போது என் மேஜைமேல் குரங்குக் குல்லாவில் சுற்றிப் படுக்க வைத்திருக்கிறேன், பனி அதிகம். ஆனால் மச்சான், முஆத் பாய் வீட்டுக்குப் போகாமல் ஜன்னல் பக்கம் இரண்டு தடவை வந்து, "வே, ஒருதடவை பார்த்துக்கிடட்டுமா?" என்கிறார். எதற்காக இருக்கும்?