நான்கு மணிச் சுவர்

படம் பார்க்க வருகிறவர்களைப் படம் பார்க்க விடாத ஓர் இனம் உண்டு. சினிமாக் கொட்டகையில், தேர்த் திருவிழாவில், பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவர்களைக் காணலாம். ஆனால் இந்த இனம் கொழுத்து வளர்வது சித்திரசாலையில்தான்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம், நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற இஞ்சினீயர் ஒருவர் அப்படியொரு சித்திரசாலை கட்டினார். உள்ளே விளக்கே கிடையாது. சூரியன் நகர நகர ஒவ்வொரு சுவருக்கும் ஒரு நேரம் வெளிச்சம் விழும்படி ஜன்னல்களையும் கூரைக் கண்ணாடிகளையும் வைத்திருந்தார். வெயிலோடு நடந்தால் நாலரை மணிக்குக் கடைசிச் சுவரை முடிக்கலாம். அதற்குமேல் மலை மறைத்துவிடும். இவ்வளவு யோசித்த மனிதர் மாரப்ப வாத்தியாரை யோசிக்கவில்லை.

வாத்தியாரை யாரும் நியமிக்கவில்லை. ஒருமுறை மைசூரில் மூன்று நாள் தங்கிப் படங்கள் பார்த்தவர்; அந்தத் தகுதி போதாதா? வாசலிலேயே ஆளைப் பிடித்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு முறை இருமி, படத்துக்கு முதுகையும் வந்தவர்களுக்கு முகத்தையும் காட்டி நின்றுகொண்டு, மைசூரில் ஆரம்பித்து, ராஜாக்கள் வழியாக, மனித வாழ்வின் நிலையாமையில் வந்து நிற்பார். மறுபடி மைசூர். எந்தப் படத்தில் எத்தனை மாடு என்று கேட்டால் தெரியாது. எந்தப் படத்துக்கு ஜனங்கள் வாய் பிளப்பார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

தை மாதத்தில் ஒருநாள் கம்பைநல்லூரிலிருந்து சின்னம்மாள் வந்தாள். அவளுடைய அப்பா புளி வியாபாரி; இறந்து ஆறு வருஷம். ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வந்தது அவளுக்கு. எப்போதோ ஓர் ஓவியர் கம்பைநல்லூர்ச் சந்தையில் உட்கார்ந்து வரைந்த படம் இங்கே இருக்கிறது, அதில் அப்பாவும் இருக்கிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"எங்கப்பன்..." என்று வாசலில் ஆரம்பித்தாள். அவசரப்படக்கூடாது என்றார் வாத்தியார். நெல் வயல் படத்தருகே மறுபடி ஆரம்பித்தாள். படத்தை மேலோட்டமாகப் பார்க்கக்கூடாது என்றார். பாவம், இந்த ஜனங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லையே, நானும் இல்லாவிட்டால் என்ன ஆவார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே மனசு இளகியது. அந்த இளக்கத்தில் வயலுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கடைசிச் சுவருக்கு வரும்போது மணி நாலு இருபது. வாத்தியார் வழக்கமான இடத்தில், ஜன்னலுக்கும் சந்தைப் படத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"இந்த மூலையில கன்னத்துல கை வெச்சிருக்காரே, இவர் நெச ஆளே இல்லீங்க. உலகத்துச் சோகத்தையெல்லாம் ஓவியர் ஒரு உருவமாக் கற்பனை பண்ணியிருக்காரு."

"வாத்தியாருங்களே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்கப்பன் மேல உங்க நெழல் வுழுது."

வாத்தியார் தள்ளி நின்றார். அப்படி நின்றது அந்தச் சித்திரசாலையில் அதுதான் முதல் தடவை.

"சோகமெல்லாம் இல்லீங்க. பல்லுவலி. அந்த மாசம் முச்சூடும் கன்னத்தப் புடிச்சிக்கிட்டேதான் புளி வித்தாரு," என்றாள் சின்னம்மாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி பார்த்தாள். நல்ல வெளிச்சம் பத்து நிமிஷம் இருந்தது. அவளுக்கு அது போதவில்லை. யாருக்குப் போதும்?

வாத்தியாரும் பார்த்தார். வலது கன்னம் வீங்கியிருந்தது. அவர் அங்கே நின்று பேசிய இரண்டு வருஷமும் அது வீங்கித்தான் இருந்திருக்கிறது.

மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுவாரம் அரூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அதே இடத்தில் நிறுத்தி, இது பல்வலி என்பதைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். புளி வியாபாரி முழுக்க இருட்டில் இருந்தார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு இரண்டு மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டி, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். தோன்றியதா? அப்படியானால், தயவுசெய்து ஜன்னலை விட்டு நகருங்கள்.