கையெழுத்துக்குக் கலங்கும் வயிறு

வயித்துக் கலக்கத்தை ஆராய்ச்சி பண்றவங்களுக்கு நிதி கொடுக்கிறதுன்னு மேலிடத்துல முடிவு எடுத்தாங்க. நல்ல முடிவுதான். அந்த வருஷம் எங்க பார்த்தாலும் குடலைப் பத்தின பேச்சா இருந்துச்சு. குடல்தான் ரெண்டாவது மூளைன்னு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க கூட சொல்லுவாங்க. இருக்கிற ஒரு மூளைக்கே பலபேர் வேலை கொடுக்கிறதில்லையே, ரெண்டாவது எதுக்குன்னு நான் கேட்கலை. நமக்கெதுக்கு வம்பு.

எங்க மருமகள் ஆராய்ச்சிக்காரி. அவ ஒரு பெல்ட் செஞ்சிருந்தா. வயித்துல கட்டிக்கணும். மனசுல பதட்டம் வந்து குடல் குதிக்க ஆரம்பிச்சா, பெல்ட்ல இருக்கிற குட்டி டப்பா கண்டுபிடிச்சு ட்ரிங்னு ஒரு சத்தம் கொடுக்கும். அப்புறம் கைக்குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி மெதுவா தட்டும். வயிறு அடங்கும், கூடவே மனசும் அடங்கும். எங்க வீட்டுக்காரர் காலத்துல இது இருந்திருக்கணும். பதவி உயர்வுப் பரீட்சை ஆறு தடவை எழுதப் போனார். ஆறு தடவையும் கேள்வித்தாளைப் பார்த்ததைவிட கழிப்பறைக் கதவைப் பார்த்ததுதான் அதிகம். ஏழாவது தடவை பாஸ். அன்னைக்குத் தண்ணி வரலைன்னு கழிப்பறையைப் பூட்டிட்டாங்களாம். சரி, அதை விடுங்க.

மருமகளோட வேலை இந்த நிதியை நம்பித்தான் தொங்கிட்டிருந்துச்சு. அவ நிறுவனத்துல விதி அப்படி. நிதி கிடைச்சா வேலை நிரந்தரம். நிராகரிச்சா அந்த மாசக் கடைசியில வீட்டுக்குப் போகணும். விண்ணப்பம் பரிசீலனையில இருக்கிற வரைக்கும் இருக்கிறபடி இருக்கலாம். பதினோரு மாசம் பரிசீலனையில இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள், நேர்ல வந்து செஞ்சு காட்டுங்க, அன்னைக்கே முடிவு சொல்றோம்னு கடுதாசி வந்தது. பெல்ட், கம்பி, கம்ப்யூட்டர்னு பை கனமா இருந்ததால தூக்க நானும் கூடப் போனேன்.

நிதி அலுவலகத்துல நுழைஞ்சதுமே கண்ணாடிப் பெட்டியில ஒரு கேடயம். 'மன அழுத்தமற்ற முன்மாதிரி அலுவலகம்'. அது எப்படிக் கிடைச்சதுன்னு வாசல்ல உட்கார்ந்திருந்த காவல்காரர் சொன்னார். யாருக்காவது மன அழுத்தம் இருந்தா, அதுக்கான காரணத்தையும் காரணமான அதிகாரியோட பேரையும் எழுதி, மூணு பிரதி எடுத்து, அதே அதிகாரி மூலமா அனுப்பணும்னு சுற்றறிக்கை விட்டாங்களாம். ஒருத்தரும் அனுப்பலை. கேடயம் வந்திடுச்சு.

நிதி கொடுக்கிற குழுவோட தலைவரை அங்க எல்லாரும் பரிசீலனை ஐயான்னுதான் சொல்லுவாங்க, அவர் முதுகுக்குப் பின்னாடி. தங்கமான மனுஷர். யாரையும் இல்லைன்னு அனுப்ப மாட்டார், உண்டுன்னும் அனுப்ப மாட்டார். அவருக்கு இந்தப் பக்கம் தலைமை எழுத்தரம்மா, அந்தப் பக்கம் பிஸ்கட் தின்னுட்டிருந்த ஒரு நிபுணர்.

மருமகள் பெல்ட்டைத் தன் வயித்துலயே கட்டிக்கிட்டா. கட்டின உடனே ட்ரிங்.

ஐயா முகம் சுருங்கிடுச்சு. "இந்த அலுவலகத்துல உங்களுக்கு என்னம்மா கலக்கம்?"

"என் வேலையே இன்னைக்கு உங்க கையில இருக்குங்க சார். அதான்."

"அப்படின்னா எங்களால கலக்கம்னு பதிவாகும். கேடயம் வாங்கின அலுவலகத்துல அதைப் பதிவு பண்ண முடியாது. கலக்கம் இல்லாம செஞ்சு காட்டுங்க."

கலக்கம் இல்லைன்னா கருவி எப்படி வேலை செய்யும்னு மருமகள் கேட்டா. அதை யோசிச்சு வந்திருக்க வேண்டியது விண்ணப்பதாரரோட பொறுப்புன்னு எழுத்தரம்மா விதி எண்ணோட சொன்னாங்க. நிபுணர் இன்னொரு பிஸ்கட் எடுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஐயாவே கட்டிப் பார்க்கட்டுமேன்னு சொல்லிட்டேன்.

கட்டினாங்க. சத்தமே இல்லை. மேசை மேல என் தோள் உசரத்துக்கு ஃபைல், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒருத்தரோட பிழைப்பு, ஐயா வயிறு மட்டும் காத்தில்லாத குளம் மாதிரி கிடக்கு. அவருக்குப் பெருமை தாங்கலை. "பார்த்தீங்களா. கலக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இல்லாத வியாதிக்கு எதுக்கு மருந்து? நிராகரிக்கிறேன்." அப்படின்னு பேனாவை எடுத்துத் திறந்தார்.

ட்ரிங்.

பேனாவைக் கீழ வெச்சார், நின்னுடுச்சு. எடுத்தார், மறுபடியும் ட்ரிங். நிராகரிக்கிறதாலதான் இப்படின்னு எழுத்தரம்மா ஒப்புதல் தாளை நீட்டினாங்க. அதுக்கு இன்னும் பலமா அடிச்சுது. வேற யாரோட லீவு விண்ணப்பத்தையோ வெச்சாங்க, அதுக்கும் அடிச்சுது. வருகைப் பதிவேட்டுல போட்ட கையெழுத்துக்கு மட்டும் சத்தமே வரலை.

இதுக்குள்ள பெல்ட் தன் கடமையைச் செய்ய ஆரம்பிச்சிடுச்சு. மெதுவா தட்டுச்சு, தட்டுச்சு, ஐயா கண்ணு சொருகிடுச்சு. "சார், வயிறு அடங்கிடுச்சு. இப்பப் போடலாமே," அப்படின்னா மருமகள்.

"அடங்கிடுச்சும்மா. அடங்கினதும் போடணும்கிற எண்ணமும் போயிடுச்சு."

நிபுணர் அப்பத்தான் முதல் தடவையா வாயைத் திறந்தார். கலக்கத்துக்குக் காரணம் கையெழுத்து, நிவாரணம் கையெழுத்துப் போடாம இருக்கிறது, இந்தத் தொழில்நுட்பம் செலவே இல்லாம இந்த அலுவலகத்துல ஏற்கெனவே நடைமுறையில இருக்கு, ஆகவே புதுசா நிதி தேவையில்லைன்னு அறிக்கை கொடுத்தார். எழுத்தரம்மா அப்படியே எழுதிக்கிட்டாங்க. வெளிய வந்து படிக்கட்டுல உட்கார்ந்து மருமகள் அழுதா. நான் பையை மடியில வெச்சுக்கிட்டு அவ முதுகைத் தட்டிக் கொடுத்தேன். ட்ரிங் இல்லைன்னாலும் தட்டத் தெரியும் எனக்கு.

நாலாம் நாள் நிராகரிப்புக் கடுதாசி வந்தது. முத்திரை இருக்கு, தேதி இருக்கு, எண் இருக்கு. கையெழுத்து இல்லை.

நிறுவனத்துல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. கையெழுத்தில்லாத கடுதாசி வெறும் காகிதம், அதனால விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில இருக்குன்னு சொல்லி மருமகளை அவ நாற்காலியிலயே உட்கார வெச்சுட்டாங்க. மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்குக் கட்டின பெல்ட்டை ஐயா கழட்டவே இல்லை. அவருக்குக் கலக்கம் நீங்காம பார்த்துக்கணும்னு மருமகள் மாசா மாசம் போய் அதைச் சரிபார்த்துட்டு வர்றா. பேனா பக்கம் கை போனாலே அடிக்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் முறுக்கி வெச்சிருக்காளாம். இவ்வளவு அனுபவம் உள்ளவங்க வேணும்னு அவளையும் குழுவுல நிபுணரா சேர்த்துட்டாங்க.

போன வாரம் சாப்பாட்டு மேசையில ஒரு பொண்ணோட விண்ணப்பத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. இருமலைக் கேட்டே நோயைச் சொல்ற கருவியாம். பேனாவை எடுத்தா, யோசிச்சா, டிராயர்ல போட்டு மூடிட்டா.

"ஏண்டி, நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை. அதான் யோசிக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்துச்சு. நீ அழுத அழுகை மறந்து போச்சான்னு நல்லா நாலு வார்த்தை கேட்டேன். அவ எழுந்து போயிட்டா. நானே அதை எடுத்து அவ கண் முன்னாடி வைக்கலாம்னு டிராயரைத் திறந்தேன். அடியில என்னோட காகிதம் ஒண்ணு கிடந்துச்சு. அப்பா வீட்டுல என் பங்கு எனக்கு வேணாம், தங்கச்சியே இருந்துக்கட்டும்னு நான் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நான் போடாததால அவ அந்த ஓட்டைக் கூரையைப் பிரிச்சு மாத்த முடியாம மூணு மழைக்காலம் பாத்திரம் வெச்சு ஒழுகல் பிடிக்கிறா. போட மாட்டேன்னு நான் சொன்னதே இல்லை.

பேனாவை எடுத்தேன். நான் பெல்ட் கட்டலை. ஆனாலும் அடிவயித்துல ட்ரிங்.

டிராயரை மூடினேன். அடங்கிடுச்சு. அருமையான தொழில்நுட்பம். உங்க வீட்டு மேசையிலயும் ஒரு டிராயர் இருக்குமே.